ஊர்வழிக் கேட்டல்: கடலூர்–சிதம்பரம் கரையும் கவனிக்கப்படாத திரையிசையும்

தமிழ்த் திரையிசையின் வரலாற்றை ஆட்களை வைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். பாகவதர் காலம், ஜி. ராமநாதன் காலம், விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலம், இளையராஜா காலம், ரஹ்மான் காலம் என்று அது நகரும். அன்றைக்குக் கடையில் விற்ற கேசட்டின் உறையும் இன்றைய செயலியின் பாட்டுப் பட்டியலும் இதே வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. நாலைந்து படங்களோடு தமிழை விட்டு விலகிய இசையமைப்பாளருக்கோ, ஓரிரு பாட்டு எழுதிவிட்டுச் சிறுகதைக்குத் திரும்பிய எழுத்தாளருக்கோ, மெட்டைத் தந்துவிட்டு ஒதுங்கி நின்ற தேவார மரபுப் பாடகருக்கோ அந்த வரிசையில் இடம் இல்லை. அவர்களுடைய பாட்டுகள் கெட்டுப்போனவை அல்ல. அவற்றை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்று தெரியாததால் ஓரம் போனவை.

ஆட்களுக்குப் பதிலாக ஊரை வைத்து அடுக்கினால் என்ன கிடைக்கும்? இந்தக் கட்டுரை அதைச் சோதித்துப் பார்க்கிறது. எடுத்துக்கொண்ட நிலம் சிறியது: கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, சாலைவழியே ஏறக்குறைய 45 கி.மீ. இதைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். கோடம்பாக்கத்தின் பெரிய பெயர்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கரையை யாரும் நினைப்பதில்லை. இங்குள்ள கடற்கரைகளும் அப்படித்தான். புதுச்சேரிக்கும் தரங்கம்பாடிக்கும் போகிறவர்கள் நடுவில் நிற்காமல் கடந்துபோகும் கரை இது.

பாதையும் கரையும்

விழுப்புரத்திலிருந்து தெற்கே வரும் ரயில்பாதை பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகத் திருப்பாதிரிப்புலியூருக்கு வருகிறது. பிறகு கடலூர் துறைமுகம் சந்திப்பு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். மீட்டர் கேஜ் பாதையாக நெடுங்காலம் இருந்து, 2010இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்ப நினைப்பவருக்கு இதைவிட வசதியான வழி இல்லை. கடல் பெரும்பாலும் கண்ணில் படாது. ஆனால் எந்த நிலையத்தில் இறங்கிக் கிழக்கே போனாலும் உப்பங்கழி, சவுக்குத் தோப்பு, மீனவர் குப்பம், மணல் என்ற வரிசையில் கடல் வந்துவிடும்.

கடலூர் மாவட்டக் கடற்கரையின் நீளம் ஏறக்குறைய 57 கி.மீ. அதில் கூட்டம் சேருமிடம் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரை ஒன்றுதான். அதன் பக்கத்தில், கெடிலம் கடலில் சேருமிடத்தருகே, ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கிய புனித டேவிட் கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்திருந்த காலத்தில், 1746 முதல் 1752 வரை, கோரமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் இதுதான். தெற்கே போகப் போக ஆள் குறையும். சாமியார்பேட்டை, வெள்ளாற்று முகத்துவாரத்துப் பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகியவை மீனவர்களும் சுற்றுவட்டாரத்து மக்களும் புழங்கும் கரைகள்.

இந்தக் கரைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு சினிமாவுக்கு வெகுகாலம் முந்தியது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் பதிகம் பாடி மிதந்து கரையேறியது திருப்பாதிரிப்புலியூரில் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வழியில் கிள்ளை இஸ்லாமியர்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வார்கள். ஆண்டு முழுதும் அமைதியாகக் கிடக்கும் கரையில் அன்றைக்கு நாகசுரமும் தவிலும் கேட்கும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து போன பாட்டு

ஜெயகாந்தன் 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். சிறுகதைக்கும் நாவலுக்கும் அவரைக் கொண்டாடும் வாசகர்களில் பலர், அவர் எழுதிய திரைப்பாடல்களைக் கணக்கில் வைப்பதில்லை. 1960இல் வெளியான 'பாதை தெரியுது பார்' படத்தில் அவர் எழுதிய 'தென்னங்கீற்று' பாட்டை பி.பி. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும் பாடினார்கள். எம்.பி. ஸ்ரீநிவாசன் இசையமைத்த முதல் படம் அது. இயக்கியவர் நிமாய் கோஷ். தேசப் பிரிவினையின் துயரத்தை 'சின்னமுல்' என்ற வங்கப் படமாக எடுத்துவிட்டுச் சென்னைக்கு வந்து ஒளிப்பதிவாளராக வாழ்ந்தவர்.

இடதுசாரிக் கலைஞர்கள் கூடி எடுத்த படம் அது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் கே.சி.எஸ். அருணாசலமும் அதில் பாட்டெழுதினார்கள்; படம் வெளிவந்தபோது பட்டுக்கோட்டையார் உயிரோடு இல்லை. தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை. அந்த ஒரு தோல்வி இசையின் போக்கையும் திருப்பிவிட்டது. எம்.பி.எஸ். மலையாளத்துக்குப் போய் அங்கே அறுபதுக்கு மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார். தமிழில் 'தாகம்', 'எடுப்பார் கைப்பிள்ளை', 'மதனமாளிகை' என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் படங்கள் வந்தன. சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியதும், திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைய முன்னின்றதும் அவருடைய பெரும் பணிகள். பல குரல்கள் ஒன்றையொன்று விழுங்காமல் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்ற அவருடைய அக்கறையை மனத்தில் வைத்துக்கொண்டு 1960ஆம் ஆண்டுப் பாட்டைக் கேட்டால் ஒன்று விளங்கும். வாத்தியங்கள் பாடுபவரை முந்துவதில்லை. இரண்டு குரலும் அவசரமில்லாமல் மாறிமாறி வருகின்றன. அந்த ஆண்டின் வெற்றிப் பாட்டுகளோடு ஒப்பிட்டால் இது எதையும் நிரூபிக்க முயலாத பாட்டு.

பிற்பாடு ஜெயகாந்தனே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965) படத்துக்கு வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். 1977இல் ஏ. பீம்சிங் இயக்கிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்கு ஜெயகாந்தன் பாட்டெழுத, எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்தார். லட்சுமிக்குத் தேசிய விருது தந்த படமாக அது நினைக்கப்படுகிறது. அதில் வாணி ஜெயராமும் விஸ்வநாதனும் பாடியவை, கதைமாந்தரின் மன ஓட்டத்தை உரைநடைக்கு நெருக்கமான சொற்களால் சொல்பவை. பாடலாசிரியர் வரிசையில் ஜெயகாந்தனைத் தேடினால் ஒரு மூலையில் கூட இருக்கமாட்டார். மஞ்சக்குப்பம் என்று தேடினால் முதலில் நிற்பவர் அவர்தான்.

அக்காள் நிழலில் தங்கை

ரயிலில் கடலூருக்கு முன்னால் வரும் பண்ருட்டி கரையூர் அல்ல. முந்திரியும் பலாவும் விளையும் செம்மண் பூமி. அந்த வட்டாரத்துப் பத்திரக்கோட்டையிலிருந்து வந்தவர் தங்கர் பச்சான். அவர் இயக்கிய 'அழகி'யும் 'சொல்ல மறந்த கதை'யும் 2002இல் வெளிவந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜா. 'அழகி'யில் பாடியதற்காக சாதனா சர்கம் தேசிய விருது பெற்றார். படமும் நன்றாக ஓடியது. நாஞ்சில்நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' நாவலிலிருந்து எடுக்கப்பட்ட 'சொல்ல மறந்த கதை', சேரன் நடிகராக அறிமுகமான படம் என்ற தகவலாக மட்டும் எஞ்சியது. ஒரே ஆண்டு, ஒரே இயக்குநர், ஒரே இசையமைப்பாளர் என்றிருந்தும் ஒன்றின் வெளிச்சத்தில் மற்றொன்று மங்கிவிட்டது.

இப்படி மறக்கப்படும் பாட்டுகள்தான் எண்ணிக்கையில் மிக அதிகம். தோல்விப் படத்தின் பாட்டையாவது யாரேனும் பரிவோடு தேடுவார்கள். வெற்றிக்குப் பக்கத்தில் பிறந்த பாட்டைத் தேட யாருக்கும் தோன்றாது, அந்த இசையமைப்பாளரை முழுதும் கேட்டுவிட்டதாக எல்லோரும் நினைத்திருப்பதால். தங்கர் பச்சானின் 'தென்றல்' (2004, வித்யாசாகர்), 'ஒன்பது ரூபாய் நோட்டு' (2007, பரத்வாஜ்) ஆகியவற்றையும் சேர்த்து வைத்துக் கேட்கும்போது, மூன்று இசையமைப்பாளர்கள் ஒரே வட்டாரத்து வாழ்க்கைக்கு எப்படி எப்படி ஒலி தந்தார்கள் என்று ஒப்பிட முடிகிறது. ஆள்வாரிப் பட்டியலில் இந்த ஒப்பீட்டுக்கு வழியே இல்லை.

கடல் சுமந்து வந்த வானொலி

எது நினைவில் நிற்கும் என்பதை இசையின் தரம் மட்டும் முடிவு செய்வதில்லை. பாட்டைச் சுமந்து வந்த சாதனத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஏறும். படத்தில் நீளமாக வந்த பாட்டின் சரணங்கள் தட்டில் வெட்டுப்பட்டன. தட்டில் ஏறாத சரணம் அரங்கை விட்டு வெளியே வரவில்லை. அரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் அவை அச்சாகிக் கிடக்கின்றன.

1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாட்டு கிட்டத்தட்ட விலக்கப்பட்டது. விவித் பாரதி தொடங்கியது 1957 அக்டோபர் 3 அன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது இலங்கை வானொலி. இந்தியில் அமீன் சயானியின் குரல் அங்கிருந்துதான் வடநாட்டை ஆண்டது, தமிழுக்கு எஸ்.பி. மயில்வாகனம், அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத். 'பொங்கும் பூம்புனல்' கேட்டபடி காலையைத் தொடங்கிய வீடுகள் தமிழகத்தின் கிழக்குக் கரை நெடுகிலும் இருந்தன.

இதில் இயற்பியலும் கலந்திருக்கிறது. மத்திய அலை வானொலியின் தரையலை நிலத்தின்மீது விரைவாக வலுவிழக்கும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல்மீது அதே அலை வெகுதூரம் தாக்குப்பிடிக்கும். கடலூரிலிருந்து இலங்கையின் வடமுனை நேர்கோட்டில் ஏறக்குறைய 220 கி.மீ.; அந்தக் கோடு பெரும்பாலும் கடல்மீதே செல்கிறது. உள்நாட்டு ஊர்களைவிடக் கரையோர ஊர்கள் அந்த ஒலிபரப்புக்கு நெருக்கமாக அமைந்ததில் கடலுக்கும் பங்கு உண்டு.

இலங்கை அறிவிப்பாளர்கள் செய்த ஒரு காரியத்தைத் திரையிசை ஆய்வாளர்கள் தனியாகக் குறிப்பிட வேண்டும். படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் தட்டைச் சுழலவிட்டார்கள். படம் ஓடாவிட்டாலும் பாட்டுக்கு முகவரி கிடைத்தது. எம்.பி. ஸ்ரீநிவாசன் என்ற பெயர் தமிழ் நேயர்களின் காதில் தங்கியதற்கு அந்த அறிவிப்பு முறைக்கு நன்றி சொல்ல வேண்டும். இன்றைய செயலிகளில் பாட்டின் பெயரும் நடிகரின் படமும் இருக்கின்றன. பாடலாசிரியர் பெயர் விடுபடுவது சகஜம். எண்ணிக்கையில் பாட்டுகள் பெருகின, முகவரிகள் குறைந்தன.

சுரபுன்னைக் காட்டில் எம்.ஜி.ஆர்.

சிதம்பரத்திலிருந்து 15 கி.மீ. கிழக்கே உள்ள பிச்சாவரம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறக்குறைய 1,100 ஹெக்டேரில் விரிந்திருக்கும் அலையாத்திக் காடு. சுரபுன்னையும் கண்டலும் வேர்களை நீரில் ஊன்றி நிற்கும். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் இங்கே வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து என்று படகுக்காரர்கள் எச்சரிப்பார்கள்.

1975இல் வெளிவந்த 'இதயக்கனி' இந்தக் காட்டை ஊரறியச் செய்தது. ஏ. ஜெகந்நாதன் இயக்கம், எம்.எஸ். விஸ்வநாதன் இசை, சத்யா மூவிஸ் தயாரிப்பு. எம்.ஜி.ஆர். படகில் போன கால்வாய்கள் இவை என்று இன்றும் துடுப்பைப் போட்டபடியே காட்டுகிறார்கள். பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு திட்டும் உண்டு. படத்தின் தொடக்கப் பாட்டு ஓர் அரசியல் வாழ்த்தாகவே மாறிவிட்டது. அதில் டி.எம். சௌந்தரராஜன், எஸ். ஜானகியோடு சேர்ந்து பாடியவர் இங்கிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் சீர்காழியின் கோவிந்தராஜன்.

இந்தப் படத்தை மறக்கப்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த நிலம் திரையில் எப்படிப் பயன்பட்டது என்று பார்த்தால் வேறொரு புறக்கணிப்பு தெரியும். பிச்சாவரம் பெரும்பாலும் மர்மத்துக்கும் துரத்தலுக்குமான களமாகவே சினிமாவுக்குத் தேவைப்பட்டது; விஷாலின் 'துப்பறிவாளன்' (2017) வரை அது தொடர்ந்தது. அங்கே நண்டும் இறாலும் பிடித்து வாழ்பவரின் பாட்டு திரைக்கு வந்ததில்லை. காடு பின்புலமானது, காட்டின் ஒலி வரவில்லை.

சிதம்பரத்தில் கிடைக்காத படமும் தொலையாத மெட்டும்

சிதம்பரத்தைக் கருவாகக் கொண்ட திரையிசை என்றால் நந்தனார்தான். கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேடைக்கும் கதாகாலட்சேபத்துக்கும் சொந்தமாகியிருந்தது. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்துப் பாடினார் கே.பி. சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்; அன்றைக்கு எவரும் கேள்விப்படாத தொகை. வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ஆண் வேடத்தில் ஒரு பெண், அவரை அடிமைகொள்ளும் ஆண்டையாக ஒரு பிராமண வித்வான். மேடை ஏற்றத்தாழ்வுகள் எல்லாம் புரண்டுபோன அந்தப் படத்தின் சுருள் இன்று கிடைப்பதில்லை. கல்கி அதைக் கடுமையாகக் கிண்டலடித்து எழுதிய விமர்சனம் மட்டும் பேசப்படுகிறது.

1942இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் 'நந்தனார்' கதையை மீண்டும் எடுத்தது. நந்தனாராக எம்.எம். தண்டபாணி தேசிகர், வேதியராக செருகளத்தூர் சாமா. எஸ். ராஜேஸ்வர ராவும் எம்.டி. பார்த்தசாரதியும் இசையமைத்தார்கள். பாபநாசம் சிவன் புதுப் பாட்டுகள் எழுதினார். தேவாரம் ஓதும் குடும்பத்தில் பிறந்த தேசிகரின் பாட்டில் ஒவ்வொரு சொல்லும் முழுதாகக் காதில் விழும். ராகத்துக்காகச் சொல்லை உடைக்காத அந்த முறை, அப்போது சிதம்பரத்தில் நடந்துகொண்டிருந்த தமிழிசைக்கான போராட்டத்தோடு பொருந்தியது. 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் 1941இல் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தேசிகர் பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைமை ஏற்றார்.

பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' பாட்டுக்கு தேஷ் ராகத்தில் மெட்டமைத்தவர் தேசிகர். 1951இல் அண்ணாவின் கதையில் ஏவி.எம். எடுத்த 'ஓர் இரவு' படத்தில் அந்த மெட்டு இடம்பெற்றது. படத்துக்கு இசை ஆர். சுதர்சனம். பாட்டு கச்சேரி மேடைக்குப் போய் இன்றுவரை பாடப்படுகிறது. கேட்பவர்களுக்குக் கவிஞரைத் தெரியும், பாடுபவரைத் தெரியும். மெட்டுப் போட்டவரைக் கேட்டால் பலர் யோசிப்பார்கள். இதுவரை பார்த்தவற்றுக்கு நேர்மாறான நிலை இது. அங்கே பாட்டுகள் மறந்தன. இங்கே பாட்டு வாழ்கிறது, மெட்டமைத்தவர் மறைந்துபோனார்.

நந்தனார் கதைக்கு இந்த ஊரில் சினிமா சொல்லாத தொடர்ச்சி ஒன்றும் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி தந்தார். படங்கள் நந்தனை நெருப்பில் இறக்கி முக்தி கொடுத்து முடிந்தன. அந்தப் பள்ளி அமைந்த ஓமக்குளத்தில் நந்தனார் பெயர் வகுப்பறைக்கு வந்தது. இந்தப் பாட்டுகளைச் சிதம்பரத்தில் வைத்துக் கேட்பவருக்கு இந்த வேறுபாடு தானாகத் தட்டுப்படும்.

கேட்பதற்கான முறை

இப்படிக் கேட்க விரும்புகிறவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. அந்த மாதங்களில்தான் பங்குனி ஆமைகளும் முட்டையிடக் கரையேறுகின்றன. இரவில் விளக்கடித்துக்கொண்டு மணலில் திரிவது அவற்றுக்கு இடைஞ்சல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் ஏலத்தின் சத்தம் குறையும். முகத்துவாரங்களில் மணல்திட்டும் நீரோட்டமும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அங்கே குளிக்க இறங்கக் கூடாது.

அமைதியான கரை என்று நாம் சொல்லும் இடம் இன்னொருவருக்கு வேலைத்தலம். வலை உலர்த்தும் இடத்தில் ஸ்பீக்கரை அலறவிடுவது, ஒருவருடைய பட்டறைக்குள் நுழைந்து பாட்டுப் போடுவதற்குச் சமம். 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. குப்பங்களின் அமைதிக்குள் அந்த நினைவுகளும் இருக்கின்றன. காதில் மாட்டிக் கேட்பதே மரியாதை.

பாட்டைத் தேடுவதற்குப் படத்தின் பெயரோடு ஆண்டையும் தயாரிப்பு நிறுவனத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த படப் பட்டியல்களும் தியடோர் பாஸ்கரனின் நூல்களும் அடித்தளம். பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தால் அதில் முதலில் பார்க்க வேண்டியது பாடலாசிரியர் பெயர்.

இந்தச் சோதனையிலிருந்து என்ன தெரிகிறது? 45 கி.மீ. நீளமுள்ள ஒரு கரையை எடுத்துக்கொண்டாலே மறதிக்கு நான்கு வகைக் காரணங்கள் கிடைத்துவிட்டன: படம் தோற்றது, பக்கத்துப் படம் வென்றது, சுருள் அழிந்தது, பெயர் விடுபட்டது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தோற்ற படத்துக்கு மறுபடி கேட்கும் காது போதும். வென்ற படத்தின் நிழலில் நிற்பதற்கு ஒப்பீடு வேண்டும். அழிந்த சுருளுக்குத் தட்டும் புத்தகமும் சேகரிப்பவர் வேண்டும். விடுபட்ட பெயரைச் சேர்க்கக் காசு செலவில்லை. பாட்டைப் பகிரும்போது எழுதியவர், மெட்டமைத்தவர் பெயரை உடன் எழுதினால் போதும். இலங்கை அறிவிப்பாளர்கள் அரை நிமிடத்தில் செய்தது அது.

சென்னையை மையமாக வைத்து எழுதிய திரையிசை வரலாற்றுக்கு ஒவ்வொரு மாவட்டமும் இப்படி ஒரு துணைப் பட்டியல் தயாரிக்க முடியும். நாகப்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் அது வேறு வேறாக அமையும். ஒரு கல்லூரித் தமிழ்த்துறை, நூலக வாசகர் வட்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் மூவர் சேர்ந்தால் ஓராண்டில் முடியக்கூடிய வேலை. கடலூர்ப் பட்டியலின் முதல் வரியில் ஜெயகாந்தனும் எம்.பி. ஸ்ரீநிவாசனும், கடைசி வரியில் தண்டபாணி தேசிகரும் இருக்கலாம். நடுவில் இருக்க வேண்டியவர்களை இந்தக் கரையில் வாழ்பவர்கள்தான் சொல்ல முடியும்.